வரலாற்றின் கொடூரமான புகைப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர், பஞ்சம், படுகொலை, பெருவிபத்து பற்றிய புகைப்படங்களைக் காட்டிப் பேசுகிற வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். யாரிடம் பேசினாலும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன, அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் வைத்திருக்கிறேன். படம் எதையும் இங்கே போடவில்லை. என் பிடிவாதம் ஒன்று உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: யார், எங்கே, எப்போது, எடுத்த பிறகு என்ன ஆனது என்று தெரியாமல் இந்தப் படங்களைப் பார்க்கவும் கூடாது, பரப்பவும் கூடாது.

இதையெல்லாம் எதுக்குப் பார்க்கணும்? மனசு கெட்டுப்போறதுதானே மிச்சம்?

மனசு கெடும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 1943-இல் வங்காளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கல்கத்தா தெருக்களில் ஜனங்கள் பசியால் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள், அரசாங்கமோ அதைப் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை, போர்க்காலத் தணிக்கை வேறு. ‘தி ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். எழுதத்தான் தடை, படத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஆகஸ்ட் 22-ஆம் தேதி இதழில் தெருவில் கிடந்த மனிதர்களின் படங்களை வெளியிட்டார், அடுத்த வாரமும் வெளியிட்டார். அதன் பிறகு டெல்லியும் லண்டனும் பஞ்சமே இல்லை என்று சாதிக்க முடியவில்லை. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். படம் அவர்களைக் காப்பாற்றிவிடவில்லை, ஆனால் மூடி மறைப்பதை முடித்துவைத்தது.

பார்த்தே ஆக வேண்டும் என்று யாரையும் நான் கட்டாயப்படுத்த மாட்டேன். பார்க்கப் பிடிக்காதவர்கள் அந்த வரலாற்றை வாசித்தாலே போதும்.

எப்போலேருந்து பிணங்களைப் படம் எடுக்க ஆரம்பிச்சாங்க?

போரைப் படம் எடுப்பது 1840-களின் மெக்சிகோ – அமெரிக்கப் போரிலேயே தொடங்கிவிட்டது. 1855-இல் கிரிமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன் பிணங்களை எடுக்கவில்லை, பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கும் வெறும் பள்ளத்தாக்கைத்தான் எடுத்தார். இறந்தவர்களை அப்பட்டமாகக் காட்டிய தொடக்ககாலப் படங்களில் ஒன்று நம் பக்கத்தில் எடுத்தது. 1858-இல் லக்னோவுக்கு வந்த ஃபெலிசே பியாத்தோ, சிக்கந்தர் பாக் கட்டடத்தின் முன் எலும்புக்கூடுகள் பரவிக் கிடப்பதைப் படம் எடுத்தார். (அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பின்னால் வரும்.)

பொதுஜனம் பார்த்து உறைந்துபோனது 1862-இல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண்டீட்டம் சண்டைக்குப் பிறகு அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த பிணங்களின் படங்களை மேத்யூ பிராடி நியூயார்க்கில் கண்காட்சியாக வைத்தார். பேப்பரில் பெயர்ப் பட்டியலாக மட்டுமே வந்துகொண்டிருந்த சாவுக்கு அன்றைக்கு முகம் கிடைத்தது.

குழந்தை பக்கத்துல கழுகு உட்கார்ந்திருக்குமே, அந்தக் குழந்தை செத்துப்போச்சா?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். 1993 மார்ச்சில் சூடானின் அயோட் கிராமத்தில், ஐ.நா. உணவு வழங்கும் நிலையத்துக்குப் பக்கத்தில், தென் ஆப்பிரிக்கரான கெவின் கார்ட்டர் எடுத்த படம் அது. குழந்தையைக் கழுகு தின்றுவிட்டது என்று சுற்றுகிற கதை பொய். கார்ட்டர் கழுகை விரட்டினார். படத்தை வெளியிட்ட ‘நியூயார்க் டைம்ஸ்’, வாசகர்கள் விடாமல் கேட்டதால், குழந்தை எழுந்து நடக்கிற அளவுக்குத் தேறியது என்றும், நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியவில்லை என்றும் தனியாக ஒரு குறிப்புப் போட்டது. 2011-இல் ஒரு ஸ்பானிய நாளிதழ் அந்த ஊருக்கே போய் விசாரித்தது. சிறுமி என்று உலகம் நம்பிய அந்தக் குழந்தை ஒரு பையன், அந்தப் பஞ்சத்தைத் தாண்டிப் பிழைத்தான், பல வருஷம் கழித்துக் காய்ச்சலில் இறந்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள். படத்தை உற்றுப் பார்த்தால் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை தெரியும், உணவு நிலையத்தில் பெயர் பதிந்ததற்கான அடையாளம் அது. இத்தனை வருஷமும் அது எல்லார் கண்முன்னாலும்தான் இருந்தது.

கார்ட்டர் 1994-இல் அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதான புலிட்சர் பரிசு வாங்கிய சில மாதங்களில் தற்கொலை செய்துகொண்டார். குழந்தையைக் காப்பாற்றாத குற்ற உணர்ச்சிதான் காரணம் என்று ஃபார்வர்டுகளில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் எழுதி வைத்த கடிதத்தில் பணக் கஷ்டம் இருந்தது, கண்ணால் கண்ட கொலைகளும் பிணங்களும் விட்டுப் போகாமல் துரத்துவது இருந்தது, சில மாதங்களுக்கு முன் துப்பாக்கிச் சூட்டில் இறந்த நண்பர் கென் ஊஸ்டர்புரூக் இருந்தார். ஒரு மனிதனின் சாவை நீதிக்கதை ஆக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேமராவைத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல காப்பாத்தியிருக்கலாம்ல?

பல பேர் காப்பாற்றவும் செய்திருக்கிறார்கள். வியட்நாமில் நேபாம் (உடலில் ஒட்டிக்கொண்டு எரியும் தீக்குண்டு) பட்டு எரிந்த சிறுமியைப் புகைப்படக்காரர் நிக் உட் தன் வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார். சில இடங்களில் காப்பாற்ற வழியே இருக்காது. 1985 நவம்பர் 13-ஆம் தேதி கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்துச் சேற்று வெள்ளம் அர்மேரோ ஊரை மூடியது, 20,000-க்கு மேல் இறந்தார்கள். 13 வயது ஒமைரா சான்செஸின் கால்கள் இடிபாட்டில் சிக்கிக்கொண்டன, கழுத்து வரை தண்ணீர். தண்ணீரை இறைக்க ஒரு பம்பு தேவைப்பட்டது, அது கடைசி வரை வந்து சேரவில்லை. சுமார் 60 மணி நேரம் போராடி இறந்துபோனாள். அவள் இறப்பதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஃபிராங்க் ஃபூர்னியே அங்கே வந்து படம் எடுத்தார். உலகமே அவரைத் திட்டியது. அந்த எரிமலைக்கு அபாய வரைபடம் ஒரு மாதம் முன்பே தயாராகி இருந்தது, அதிகாரிகள் யாரும் ஊரைக் காலி செய்யவைக்கவில்லை. என் கோபம் அவர்கள் மேல்தான்.

உண்மையிலேயே கஷ்டமான கேள்வி வேறொன்று. கேமரா இருப்பதாலேயே கொலை நடந்தால்? 1971 டிசம்பர் 18, டாக்கா. பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்து இரண்டு நாள்தான் ஆகிறது. ஒரு பொதுக்கூட்டத்துக்குப் பிறகு, வங்கதேச விடுதலைப் போராளிகள், பாகிஸ்தானுக்கு உடந்தையாக இருந்தார்கள் என்று பிடித்து வந்தவர்களைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அங்கிருந்த வெளிநாட்டுப் புகைப்படக்காரர்களில் சிலர், நாம் இருப்பதால்தான் இது நடக்கிறது, போய்விட்டால் நின்றுவிடலாம் என்று இடத்தை விட்டு விலகினார்கள். ஹார்ஸ்ட் ஃபாஸும் மிஷேல் லோரானும் நின்று எடுத்தார்கள். அவர்களுக்கு 1972-இல் புலிட்சர் கிடைத்தது. யார் செய்தது சரி என்று கேட்டால், போனவர்களை என்னால் குறை சொல்ல முடியாது. அதே நேரம், நின்று எடுத்தவர்கள் இல்லை என்றால், வெற்றி பெற்ற பக்கமும் அன்றைக்கு என்ன செய்தது என்பதற்கு இவ்வளவு உறுதியான சாட்சி இருந்திருக்காது.

நேபாம் சிறுமி படத்துல குண்டு போட்டது அமெரிக்காதானே? அதை எடுத்தது நிக் உட்டே இல்லைன்னும் சொல்றாங்களே?

குண்டு போட்டது தென்வியட்நாம் விமானப்படையின் விமானம், சொந்த ஜனங்கள் மேலேயே தவறாகப் போட்டது. 1972 ஜூன் 8, டிராங் பாங் கிராமம். நேபாமும் அந்தப் போரின் பெரும் பகுதியும் அமெரிக்காவுடையது என்பதால் அதன் பொறுப்பு போய்விடாது, ஆனாலும் தகவல் சரியாக இருக்கட்டும். அந்த 9 வயது சிறுமி ஃபான் தி கிம் ஃபூக். ஒரு வருஷத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார், இப்போது கனடாவில் இருக்கிறார், போரில் சிக்கிய குழந்தைகளுக்காகப் பேசுகிறார்.

எடுத்தவர் யார் என்பது இப்போது நிஜமாகவே தகராறில் இருக்கிறது. ஒரு ஆவணப்படம் அதை எடுத்தது வேறொரு வியட்நாமியப் பகுதிநேரப் புகைப்படக்காரர் என்று வாதிட்டது. 2025 மே மாதம் பத்திரிகைப் புகைப்படங்களுக்கு விருது தரும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு நிக் உட் பெயரை நிறுத்தி வைத்தது. உட் வேலை பார்த்த செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தானும் விசாரித்து, பெயரை மாற்றப் போதிய ஆதாரம் இல்லை என்று அவர் பெயரையே வைத்திருக்கிறது. உட் தரப்பு குற்றச்சாட்டை மறுக்கிறது. படம் உண்மை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சைகான்ல ஒருத்தர் தலையில சுடற படம். அதுல சுட்டவர் நல்லவர், செத்தவர்தான் கொலைகாரர்னு ஒரு வீடியோ பார்த்தேன், நிஜமா?

1968 பிப்ரவரி 1, வியட்நாம் போரில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதலின்போது எடி ஆடம்ஸ் எடுத்தது. சுட்டவர் தென்வியட்நாம் தேசிய போலீஸ் தலைவர் நுயென் நோக் லோன், இறந்தவர் வியட்காங் (கம்யூனிஸ்ட் கெரில்லாப் படை) கைதி நுயென் வான் லெம். லெம் ஒரு அதிகாரியின் குடும்பத்தையே கொன்றவர் என்று பிற்பாடு சொன்னார்கள், அது இன்றைக்கும் விவாதத்தில்தான் இருக்கிறது. அது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், கையைப் பின்னால் கட்டிய கைதியை விசாரணை இல்லாமல் நடுத்தெருவில் சுடுவது குற்றம்தான். அந்த வீடியோக்கள் இதைச் சொல்லாமல் நழுவிவிடுகின்றன.

ஆடம்ஸுக்கு வருத்தம் இருந்தது, அதுவும் உண்மை. ஜெனரல் அந்தக் கைதியைக் கொன்றார், நான் என் கேமராவால் ஜெனரலைக் கொன்றேன் என்று 1998-இல் லோன் இறந்தபோது எழுதினார். ஒரு நொடியை வைத்து ஒருவர் வாழ்க்கை முழுவதையும் முடிவு கட்டிவிட்டார்கள் என்பது அவர் ஆதங்கம். அதை நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த நொடியும் நடந்ததுதானே.

இதுல எத்தனை படம் செட்டப்?

ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும், ஒரேயடியாக எல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன ஃபென்டன் அதே பள்ளத்தாக்கை இரண்டு முறை எடுத்தார், ஒன்றில் சாலை காலியாக இருக்கிறது, இன்னொன்றில் சாலை முழுக்கக் குண்டுகள். காலியானதுதான் முதலில், பிறகு குண்டுகளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. பியாத்தோவின் லக்னோ படத்திலும் இதுதான் சிக்கல். சிக்கந்தர் பாக் சண்டை நடந்தது 1857 நவம்பரில், அவர் வந்தது பல மாதம் கழித்து. படத்துக்காக எலும்புகளை வெளியே எடுத்துப் பரப்பினார்கள் என்பது வலுவான குற்றச்சாட்டு. அங்கே செத்தவர்கள் சுமார் 2,000 சிப்பாய்கள். கலகக்காரர்கள் என்பதால் அவர்கள் எலும்பைக்கூட மேடைப் பொருளாக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள், எனக்கு அந்தப் படத்தில் பெரிய கொடூரமே அதுதான்.

யெவ்கெனி கல்தேய் 1945 மே மாதம் பெர்லினில் ரைக்ஸ்டாக் (ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம்) மேல் சோவியத் கொடியை ஏற்றவைத்து எடுத்த படத்தில் ஒரு வீரரின் கைகளில் இரண்டு கடிகாரம் இருந்தன. கொள்ளையடித்தது என்று ஆகிவிடுமே என ஒன்றைச் சுரண்டி அழித்தார்கள், பின்னணியில் புகையும் சேர்த்தார்கள். ராபர்ட் காபாவின் ‘விழும் வீரன்’ (ஸ்பெயின், 1936) பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. பின்னால் தெரியும் மலைகளை வைத்துப் பார்த்தால் அவர் சொன்ன ஊரில் எடுத்ததாகத் தெரியவில்லை. நேர்மாறாக, ஜோ ரோசந்தால் 1945-இல் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் எடுத்த அமெரிக்கக் கொடியேற்றம் செட்டப் என்று பல பேர் இன்னும் நம்புகிறார்கள். அது இரண்டாவதாக ஏற்றிய கொடி, அவ்வளவுதான். அதே நேரத்தில் பக்கத்தில் நின்றவர் எடுத்த சினிமாச் சுருளே சாட்சி.

பழைய படங்களைக் கலர் பண்ணிப் போடறாங்களே, நல்லாத்தானே இருக்கு?

கலர் செய்தது என்று தெளிவாகச் சொல்லி, மூலப்படத்தையும் பக்கத்தில் வைத்தால் பெரிய தப்பில்லை. ஆனால் அது எங்கே போய் நிற்கிறது என்றும் பாருங்கள். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் துவோல் ஸ்லெங் சிறையில், கைதிகளைக் கொல்வதற்கு முன்னால் பதிவேட்டுக்காகப் படம் எடுத்து வைத்தார்கள். 2021-இல் ஒருவர் அவற்றைக் கலர் செய்ததோடு சிலர் முகத்தில் சிரிப்பையும் ஒட்டவைத்தார், ஒரு இணைய இதழ் அதை வெளியிட்டது. கம்போடிய அரசும் இறந்தவர்களின் குடும்பங்களும் கொதித்தெழுந்த பிறகு எடுத்துவிட்டார்கள். சாகப்போகிற மனிதன் முகத்தில் சிரிப்பு வரைய எப்படிக் கை வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எடுத்தவனே கொன்னவன்னா, அந்தப் படத்தை நாம காட்டலாமா?

இந்த வகையில் நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கின்றன. இப்போது சொன்ன துவோல் ஸ்லெங் ஒன்று. போலந்தின் வார்சாவில் கைகளைத் தூக்கி நிற்கும் யூதச் சிறுவன், 1943-இல் ஒரு நாஜி அதிகாரி தன் ‘சாதனை’யை மேலிடத்துக்குக் காட்ட வைத்த அறிக்கையில் இருந்த படம். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் அமெரிக்கச் சிப்பாய்களே விளையாட்டாக எடுத்துக்கொண்டவை, 2004-இல் வெளிவந்தன. முள்ளிவாய்க்காலிலும் இதேதான். 2013-இல் வெளியான படங்களில் பிரபாகரனின் மகனான 12 வயது பாலச்சந்திரன் ஒன்றில் தின்பண்டத்தோடு உட்கார்ந்திருக்கிறான், இன்னொன்றில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். இரண்டும் ஒரே கேமராவில் சில மணி நேர இடைவெளியில் எடுத்தவை என்று வெளியிட்ட சேனல் 4 தரப்பு சொன்னது, இலங்கை ராணுவம் மறுத்தது.

காட்டலாம், சாட்சியமாக. எடுத்தது யார், எதற்காக என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும், இல்லை என்றால் கொன்றவன் எந்தக் கண்ணால் பார்த்தானோ அதே கண்ணால் நாமும் பார்த்துக்கொண்டிருப்போம். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால், 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் – பிர்கெனாவில் கைதிகளே எடுத்த நான்கு படங்கள். பிணங்களை எரிக்கும் வேலையில் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் கேமரா ஒன்றைத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டு படங்கள் கட்டடத்தின் இருட்டுக்குள் ஒளிந்து நின்று எடுத்தவை, சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு வாசல் அளவு வெளிச்சத்தில் எரியும் உடல்களும் புகையும். மூன்றாவது இடுப்பு உயரத்திலிருந்து அவசரமாக எடுத்தது, மூலையில் ஆடை களையவைத்த பெண்கள் சாய்வாகத் தெரிகிறார்கள். நான்காவதில் மரக்கிளைகள் மட்டும்தான். ஃபிலிமைப் பற்பசைக் குழாயில் ஒளித்து வெளியே அனுப்பினார்கள். பிற்காலத்தில் பல புத்தகங்கள் அந்தக் கறுப்பை வெட்டிவிட்டு எரியும் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் போட்டன. கறுப்பை வெட்டினால் எடுத்தவர் எங்கே நின்றார், என்ன ஆபத்தில் நின்றார் என்பதே போய்விடுகிறது.

83 கலவரத்துல பொரளை பஸ் ஸ்டாண்ட் படம் ஒண்ணு இருக்கே, அதை யார் எடுத்தது?

கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான ‘அத்த’வின் சிங்களப் புகைப்படக்காரர் சந்திரகுப்த அமரசிங்க. நிர்வாணமாக்கப்பட்ட ஒரு தமிழ் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார், சுற்றி நிற்பவர்கள் கும்மாளம் போடுகிறார்கள். கறுப்பு ஜூலை என்றாலே உலகம் முழுக்க முதலில் எடுத்துப் போடுவது இந்தப் படத்தைத்தான். முந்தைய பதிலில் சொன்ன வகையோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், கும்பலில் ஒருவர் எடுத்ததல்ல, கும்பலுக்குத் தெரிந்தால் உயிர் போகும் என்ற நிலையில் எடுத்தது. பகிர்பவர்கள் அந்த இளைஞரை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சுற்றி நிற்கிற முகங்கள்தான் அந்தப் படத்தின் பாதிச் செய்தி.

அவங்ககிட்ட சம்மதம் கேட்டாங்களா? முகத்தை மறைச்சாவது போடலாம்ல?

பெரும்பாலும் கேட்டதில்லை, கேட்க முடிந்ததும் இல்லை. குடும்பமே முன்வந்து காட்டிய படம் ஒன்று உண்டு. 1955-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில்லை வெள்ளையர்கள் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். அவன் அம்மா மேமி டில் சவப்பெட்டியை மூடக் கூடாது என்று சொல்லிவிட்டார், என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்றார். கறுப்பினத்தவரின் ‘ஜெட்’ இதழ் சிதைந்த முகத்தை வெளியிட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளிகளை விடுதலை செய்தது, அடுத்த வருஷம் அவர்களே ஒரு பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். அந்த முகத்தை மறைத்துப் போட்டிருந்தால் அந்தத் தாய் செய்ததற்கு அர்த்தமே இல்லை.

எதிர்முனையில் போபால். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்த மறுநாள்களில், மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையை ரகு ராயும் பாப்லோ பர்த்தலோமியுவும் தனித்தனியே எடுத்தார்கள், ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்று வண்ணம். திறந்த கண்கள், முகத்தைத் தொடும் ஒரு கை. அந்தக் குழந்தை யார் என்று இன்றுவரை தெரியாது, சம்மதம் கேட்க ஆளே இல்லை. என் நடைமுறை இதுதான்: குடும்பம் வேண்டாம் என்றால் போடாதீர்கள், உயிரோடு இருப்பவருக்கு ஆபத்து வரும் என்றால் முகத்தை மறையுங்கள், போர்க்கைதி என்றால் ஜெனிவா ஒப்பந்தமே வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்கிறது.

ஃபேஸ்புக்ல போட்டா நீக்கிடறாங்களே?

2016-இல் கிம் ஃபூக் படத்தையே நிர்வாணம் என்று சொல்லி நீக்கினார்கள். நார்வே பிரதமர் எர்னா சோல்பெர்க் பகிர்ந்ததையும் விடவில்லை. ‘ஆஃப்டன்போஸ்டன்’ நாளிதழ் முதல் பக்கத்தில் கண்டனம் எழுதிய பிறகுதான் பின்வாங்கினார்கள். 1972-இல் செய்தி நிறுவனத்துக்குள்ளேயே இதே தயக்கம் இருந்தது, சைகானில் இருந்த ஹார்ஸ்ட் ஃபாஸ் (டாக்கா கேள்வியில் வந்தவர்தான்) வாதாடித்தான் படம் வெளியே போனது. எச்சரிக்கைத் திரை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, முழுசாக நீக்குவதில்தான்.

ஒரு படத்தால போர் நின்னிருக்கா?

ஒரே படத்தால் நின்றதாக எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. வியட்நாம் போரை நிறுத்தியது நேபாம் படம் என்பார்கள், அது வந்தபோது அமெரிக்கத் தரைப்படையில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள். 2015 செப்டம்பர் 2-ஆம் தேதி துருக்கிக் கடற்கரையில் நிலுஃபர் டெமிர் எடுத்த, இறந்து கரை ஒதுங்கிய சிரிய அகதிக் குழந்தை ஆலன் குர்தியின் படம் வந்ததும் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நன்கொடை பல மடங்கு எகிறியது, சில வாரங்களில் மளமளவென்று இறங்கியும் விட்டது. இதை ஆய்வாகவே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

குற்றத்தை நிரூபிக்க உதவியவை உண்டு. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16-ஆம் தேதி அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றபோது, ராணுவப் புகைப்படக்காரர் ரான் ஹேபர்லே ராணுவக் கேமராவில் ஒரு மாதிரியும், தன் சொந்தக் கேமராவில் வேறு மாதிரியும் எடுத்தார். 1969 நவம்பரில் வெளிவந்து அமெரிக்காவை உலுக்கியது சொந்தக் கேமராவில் இருந்தது. சில படங்களோ எதையும் மாற்றாமல் எடுத்தவர் மேல் வெறுப்பை மட்டும் விட்டுச் சென்றன. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் ராணுவ அதிகாரி வில்லவ்பி வாலஸ் ஹூப்பர் எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தார், குழுப்படம் எடுப்பது போல. அவர்களுக்கு அவர் உதவவில்லை என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. நம் பாட்டன் பூட்டன்களின் பசிக்கு மிஞ்சியிருக்கும் முகங்கள் அவை, பெயர் ஒன்றுகூடக் குறிப்பில் இல்லை.

வாட்ஸ்அப்ல வர்ற படம் உண்மையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கூகுள் லென்ஸ், டின்ஐ மாதிரி ஏதாவது ஒன்றில் படத்தைப் போட்டு, அது முதன்முதலில் எப்போது வெளிவந்தது என்று தேடுங்கள். செய்தி நிறுவனத்தின் மூலக் குறிப்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பொய்ப் படத்தைவிட, உண்மைப் படத்துக்குப் பொய்க் குறிப்புப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற மோசடி. 2012-இல் சிரியாவின் ஹூலா படுகொலை என்று பிபிசியே போட்ட படம் 2003-இல் ஈராக்கில் எடுத்தது. 2017-இல் ஐ.நா. சபையில் பாகிஸ்தான் பிரதிநிதி காஷ்மீர்ப் பெண் என்று தூக்கிக் காட்டியது காஸாவில் எடுத்த படம். 2018-இல் மியான்மர் ராணுவம் வெளியிட்ட புத்தகத்தில் ரோஹிங்கியாக்கள் கொன்றவர்கள் என்று இருந்த பிணங்கள், 1971-இல் டாக்காவில் கொல்லப்பட்ட வங்காளிகள். கொல்லப்பட்டவர்களையே வேறு ஜனங்களுக்கு எதிரான சாட்சியாகத் திருப்பியிருக்கிறார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவில் செய்த படங்களும் வருகின்றன. விரலை எண்ணிப் பார், காதைப் பார் என்ற பழைய வித்தைகளை இனி நம்ப முடியாது. எடுத்தவர் பெயர், இடம், அதே சம்பவத்தை வேறு யாராவது வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்களா என்ற மூன்றையும் தேடுங்கள். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் ஃபார்வர்டு பண்ணாதீர்கள்.

பிள்ளைங்களுக்குக் காட்டலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பதின்வயதில் காட்டலாம், ஆனால் கதையை முதலில் சொல்லிவிட்டுப் படத்தைக் கடைசியில் காட்டுங்கள், என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பார்க்க விரும்பாத பிள்ளை வெளியே போகலாம் என்ற நிலை இருக்கட்டும். ஒரு வேளைக்கு ஒரு படம் போதும். சிதைந்த உடல்களைக் காட்டாமலே பேசக்கூடிய படங்கள் நிறைய உண்டு, வார்சா சிறுவன் படமே ஒரு வகுப்பு முழுக்கப் பேசுவதற்குப் போதும்.

எனக்கு இதையெல்லாம் பார்த்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. நான் கல்நெஞ்சமா?

இல்லை. அடுத்தடுத்து நாற்பது படம் தள்ளிப் பார்த்தால் யாருக்கும் மரத்துத்தான் போகும். ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் இருப்பவருக்கு அப்புறம் என்ன ஆனது என்று தேடிப் படியுங்கள், கார்ட்டர் படத்தின் கைப்பட்டை மாதிரி ஏதாவது ஒன்று கண்ணில் படும். எதிர்ப்பக்கம், பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, திரும்பத் திரும்ப அதே காட்சி வருகிறது என்பவர்கள் உடனே நிறுத்துங்கள், வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தானே போரைப் பார்த்து வந்தவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும், அவர்கள் முன்னால் கேட்காமல் இந்தப் படங்களைத் திறக்காதீர்கள்.

படமே இல்லைன்னா? ஆதாரம் இல்லைன்னு ஆயிடுமா?

இப்படித்தான் மறுப்பவர்கள் வாதிடுகிறார்கள். 1994-இல் ருவாண்டாவில் சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள், கொலை நடக்கும்போதே எடுத்த காட்சிகள் மிகச் சிலதான் இருக்கின்றன. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அன்று நகருக்குள் யோஷிடோ மட்சுஷிகே எடுத்தவற்றில் மிஞ்சியது 5 படம். அவரிடம் ஃபிலிம் இருந்தது, மியுகி பாலத்தில் எரிந்த தோலோடு நின்ற குழந்தைகளைப் பார்த்து வெகுநேரம் கேமராவை அழுத்தவே கை வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். ஜப்பானை அமெரிக்கா ஆண்ட காலத்தில் தணிக்கை இருந்தது, அது முடிந்த பிறகு 1952-இல்தான் அணுகுண்டுப் படங்கள் அங்கே பத்திரிகையில் பரவலாக வந்தன.

ருவாண்டா வழக்குகளில் தீர்ப்பு வந்தது பெரும்பாலும் சாட்சிகள் சொன்னதையும், வானொலிப் பதிவுகளையும், தோண்டி எடுத்த புதைகுழிகளையும் வைத்துத்தான். அதனால் யாராவது ‘ஒரு படம் காட்டு, நம்புகிறேன்’ என்று வந்தால், எந்தப் படத்தைத் தேடித் தருவது என்று அலையாதீர்கள். பிழைத்தவர்களின் வாக்குமூலம், மருத்துவமனைப் பதிவு, நீதிமன்ற ஆவணம் இவற்றில் எதைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள்.